சாவி யார் கையில்? கணினிக்கு மறைகுறியாக்கப்பட்ட கிளவுட் காப்பு நகல்: ஓர் எளிய அறிமுகம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பாவின் மேசைக் கணினியில் இரண்டு வகைக் கோப்புகள் இருக்கின்றன. எந்தத் தொழிலாளியிடம் எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தோம், அது கொலுசாக எவ்வளவு திரும்பி வந்தது, சேதாரம் எவ்வளவு என்ற கணக்கு ஒரு வகை. பல ஆண்டுகளாக அவர் வரைந்து சேர்த்த கொலுசு வடிவங்கள் மற்றொரு வகை. கணக்கு தொலைந்தால் பட்டறை நடக்காது. வடிவங்கள் வெளியே போனால் அடுத்த தீபாவளிக்குள் அதே கொலுசு வேறொரு கடையின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை அந்தக் கணினியின் ஹார்டு டிஸ்க் இயங்க மறுத்தபோது, பழுது பார்க்கும் கடையில் கொடுத்தால் தகவல்களை மீட்டுத் தருவார்கள் என்று தெரிந்தும், மீட்பவர் எல்லாவற்றையும் பார்த்துவிடுவாரே என்று அவர் இரண்டு நாள் தயங்கினார். பிறகு என்னிடம் கேட்டார்: "கிளவுட்ல போட்டு வச்சா தொலையாதுங்கறாங்க, சரி. அங்க இருக்கறவங்க எடுத்துப் பாக்க மாட்டாங்களா கண்ணு?"

அவருடைய கேள்வி மிகச் சரியானது. தொலையாமல் காப்பது ஒரு வேலை. பிறர் கண்ணில் படாமல் காப்பது இன்னொரு வேலை. கிளவுட் என்று நாம் சொல்வது எங்கோ ஒரு கட்டடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பிறருடைய கணினிகளைத்தான். ஆகவே கோப்புகளை அங்கே அனுப்புவது முதல் வேலையை எளிதாக்கும் அதே நேரத்தில் இரண்டாவது வேலையைக் கடினமாக்குகிறது. அந்தக் கடினத்தைத் தீர்ப்பதற்காகவே, சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி கோப்பை உருமாற்றிப் பூட்டும் மறைகுறியாக்கம் இருக்கிறது. காப்பு நகல் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, மறைகுறியாக்கத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பதும், விலையும் இடத்தின் அளவும் அதற்குப் பிறகு வரவேண்டியவை என்பதும் என் உறுதியான கருத்து.

ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு

கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ டிராப்பாக்ஸிலோ கோப்புகளை வைத்திருப்பவர்களில் பலர் தங்களிடம் பேக்கப் இருப்பதாகவே நம்புகிறார்கள். அவை அடிப்படையில் ஒத்திசைவுச் சேவைகள். கணினியில் ஒரு கோப்பைத் திருத்தினால் அங்கேயும் அது திருத்தப்படும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவில் அழித்த கோப்பு குப்பைத் தொட்டியில் 30 நாட்கள் இருந்துவிட்டு, பிறகு நிரந்தரமாகப் போய்விடுகிறது. ஆடி மாதத்தில் கைத்தவறாக அழிந்த கணக்கைத் தீபாவளி நெருக்கத்தில் தேடுகிறவருக்கு அந்த 30 நாட்கள் போதா.

இதைவிடப் பெரிய ஆபத்து, கோப்புகளைப் பூட்டிவைத்துவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்ற தீய நிரல்களால் வருகிறது. 2017 மே மாதத்தில் பல நாடுகளின் மருத்துவமனைகளையும் நிறுவனங்களையும் முடக்கிய வான்னாக்ரை இவ்வகையைச் சேர்ந்தது. இத்தகைய நிரல் ஒரு கோப்பைப் பூட்டும்போது, ஒத்திசைவு மென்பொருளின் பார்வையில் அது இன்னொரு திருத்தம் மட்டுமே என்பதால், நல்ல கோப்பு இருந்த இடத்தில் பூட்டப்பட்ட கோப்பை அதுவே கொண்டுபோய் வைத்துவிடும். சில சேவைகள் பழைய பதிப்புகளைச் சில காலம் வைத்திருந்து இதிலிருந்து மீள வழி தருகின்றன. ஆனால் உண்மையான காப்பு நகல் மென்பொருள் தொடக்கத்திலிருந்தே அன்றன்றைய நிலையைத் தனித்தனியாகப் பதிந்து வைக்கிறது. சென்ற செவ்வாய்க்கிழமை கணினி எப்படி இருந்ததோ அப்படியே திரும்பப் பெற முடிவதுதான் அதன் பயன். ஆகவே எந்த மென்பொருளைப் பார்த்தாலும், எவ்வளவு காலம் பின்னோக்கிச் செல்ல அது இடம் தருகிறது என்று கேட்க வேண்டும். எனக்கு ஓராண்டுக்குக் குறைந்த காலம் மனநிறைவைத் தருவதில்லை.

பூட்டு எங்கே, சாவி எங்கே

ஏறத்தாழ எல்லாச் சேவைகளும் தங்களிடம் எல்லாமே மறைகுறியாக்கப்பட்டிருப்பதாகச் சொல்கின்றன. அந்தக் கூற்று பொய்யன்று. ஆனால் அதற்குள் மூன்று வெவ்வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. கோப்பு நம் வீட்டிலிருந்து அவர்களுடைய சர்வருக்குப் போகும் வழியில் மட்டும் பூட்டப்பட்டிருக்கலாம். வங்கியின் இணையதளத்துக்குள் நாம் நுழையும்போது நடப்பதும் இதுவே. சர்வரை அடைந்தபின் அங்குள்ள வட்டுகளில் எழுதப்படும்போதும் பூட்டப்படலாம். அந்த வட்டைத் திருடிச் செல்பவருக்கு ஒன்றும் கிடைக்காது, ஆனால் சாவி நிறுவனத்திடமே இருப்பதால் நிறுவனத்தால் திறக்க முடியும், அரசு ஆணைப்படி கேட்டால் கொடுக்கவும் முடியும். மூன்றாவது வகையில், கோப்பு நம் கணினியை விட்டு வெளியேறும் முன்பே நம்மிடம் மட்டுமே உள்ள சாவியால் பூட்டப்படுகிறது. நிறுவனத்துக்குப் போய்ச் சேருவது பொருளற்ற எண்குவியல் மட்டுமே. நமக்குத் தேவையானது இந்த மூன்றாவது வகை. இதை முனைக்கு முனை மறைகுறியாக்கம் என்கிறார்கள்.

வங்கி லாக்கரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். லாக்கரைத் திறக்க வங்கியின் சாவி, நம் சாவி ஆகிய இரண்டும் வேண்டும். நம் சாவி தொலைந்துவிட்டால் எழுதிக் கொடுத்து, கட்டணம் செலுத்தி, பூட்டை உடைத்துத் திறக்கச் செய்யலாம். முனைக்கு முனை மறைகுறியாக்கத்தில் சாவி ஒன்றே ஒன்றுதான், அது நம்மிடம் இருக்கிறது, அந்தப் பூட்டை உடைக்கும் கருவி உலகில் எவரிடமும் இல்லை. நம்மைப் பாதுகாப்பதும் அதுவே, நாம் கவனக்குறைவாக இருந்தால் நம் கோப்புகளை நம்மிடமிருந்தே பறித்துவிடுவதும் அதுவே. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று பொத்தானை அழுத்தியதும் மின்னஞ்சலில் புதிய கடவுச்சொல் வந்து, பழைய கோப்புகளும் திறந்துகொள்கின்றன என்றால், அந்தச் சேவையிடம் இன்னொரு சாவி இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். தொடக்க நிலையில் உள்ளவர் ஒரு சேவையைச் சோதிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

பூட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது மிகக் குறைவு. இன்றைய மென்பொருள்களில் பெரும்பாலானவை ஏ.இ.எஸ். என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோன் டாமென், வின்சென்ட் ரைமன் ஆகிய இருவர் வடிவமைத்த இம்முறையை, வெளிப்படையான ஒரு போட்டிக்குப் பிறகு அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2001இல் தரமாக அறிவித்தது. அதன் செயல்முறை யாரும் படிக்கக்கூடியதாக வெளியிடப்பட்டிருக்கிறது. சாவியைத் தவிர மற்ற அனைத்தும் எதிரிக்குத் தெரிந்திருந்தாலும் அமைப்பு பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று 1883இலேயே ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் எழுதிவிட்டார். ஆகவே, எங்களுடையது யாருக்கும் தெரியாத ரகசிய முறை என்று பெருமை பேசும் மென்பொருளிலிருந்து விலகி நிற்பது நல்லது.

நாம் தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லே நேரடியாகச் சாவியாவதில்லை. மென்பொருள் முதலில் முற்றிலும் தற்செயலான ஒரு பெரிய எண்ணை உருவாக்கிக்கொண்டு, அந்தச் சாவியால் கோப்புகளைப் பூட்டுகிறது. பிறகு நம் கடவுச்சொல்லை ஸ்கிரிப்ட் (scrypt), ஆர்கான்2 (Argon2) போன்ற ஒரு முறையின் வழியே வேண்டுமென்றே மெதுவாகவும் நினைவகத்தை அதிகம் விழுங்கும் வகையிலும் அரைத்து இரண்டாவது சாவி ஒன்றை எடுத்து, அதைக் கொண்டு முதல் சாவியைப் பூட்டி வைக்கிறது. நமக்கு ஒரு நொடி தாமதம் பொருட்டன்று. ஆனால் கோடிக்கணக்கான கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்க்கும் திருடருக்கு ஒவ்வொரு முயற்சியிலும் அந்தத் தாமதம் சேர்ந்துகொண்டே போகும். கடவுச்சொல்லை மாற்றும்போது எல்லாக் கோப்புகளையும் மீண்டும் பதிவேற்ற வேண்டியிராததற்கும், ரெஸ்டிக் போன்ற காப்பு நகல் மென்பொருளில், நகல்கள் சேரும் ஒரே கிடங்குக்கு இரண்டு பேர் வெவ்வேறு கடவுச்சொற்களை வைத்துக்கொள்ள முடிவதற்கும் இந்த இரட்டைப் பூட்டே காரணம்.

முறை வலுவாக இருந்தாலும் அதைப் பயன்படுத்தும் விதத்தில் பிழை நேரலாம். முனைக்கு முனை மறைகுறியாக்கத்தையே அடையாளமாகக் கொண்ட மெகா என்ற சேவையில், அதன் சர்வரைக் கைப்பற்றியவர் பயனரின் சாவியை மெல்ல மெல்லக் கண்டறிய முடியும் என்று 2022இல் சூரிச் நகர ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். நிறுவனமும் திருத்தங்களை வெளியிட்டது. அதனால்தான் மூல நிரலைத் திறந்து காட்டும் மென்பொருள்கள் பக்கம் என் மனம் சாய்கிறது. நாம் படிக்காவிட்டாலும் படிக்கத் தெரிந்தவர்கள் படிப்பதற்கு அங்கே வழி இருக்கிறது.

கோப்புகளின் பெயர்களும் பூட்டப்படுகின்றனவா என்று பார்ப்பதும் தேவை. உள்ளடக்கத்தை மறைத்துவிட்டு, "வருமான வரி நோட்டீஸ் பதில்" என்ற பெயரை மட்டும் வெளியே விட்டால் பாதி ரகசியம் போய்விட்டது.

கடவுச்சொல்லைத் தமிழில் வைக்கலாமா

நீளமான சொற்றொடர் ஒன்றைக் கடவுச்சொல்லாக வைப்பதே சிறந்தது. திருக்குறளோ திரைப்பாடல் வரியோ நமக்கு மறக்காது என்று தோன்றும். ஆனால் பலரும் அறிந்த வரிகளைத்தான் திருடர்களும் முதலில் முயன்று பார்ப்பார்கள். பகடைக்காயை ஐந்து முறை உருட்டி 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடுக்கும் டைஸ்வேர் என்ற முறை 1995 முதல் வழக்கில் இருக்கிறது. அவ்வாறு ஆறு சொற்களை எடுத்தால் கிடைக்கக்கூடிய சேர்க்கைகளின் எண்ணிக்கை, 22க்குப் பின் 22 சுழியங்கள் போட்ட அளவு வரும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆறு சொற்களை நினைவில் வைப்பது, குறியீடுகள் கலந்த பத்து எழுத்துகளை நினைவில் வைப்பதைவிட எளிது.

தமிழ் எழுத்தில் கடவுச்சொல் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். "கொ" என்ற எழுத்தின் உயிர்க்குறியை, கணினிகள் எழுத்துகளைப் பதியும் பொதுத் தரமான யூனிக்கோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் ஏற்பாடு மென்பொருளில் இல்லாவிட்டால், இன்றைய விசைப்பலகையில் வைத்த கடவுச்சொல் நாளை வேறு விசைப்பலகையில் தட்டும்போது பொருந்தாமல் போகலாம். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் வைப்பவர்களும், ழகரத்தையும் நெடிலையும் எப்படி எழுதினார்கள் என்பதைத் தாளில் எழுத்துக்கு எழுத்துக் குறித்து வைக்க வேண்டும். ஆம், தாளில்தான். வீட்டுப் பீரோவிலோ வங்கி லாக்கரிலோ உள்ள ஒரு தாளை இணையத்திலிருந்து எவராலும் திருட முடியாது. அந்தக் கணினிக்குள்ளேயே ஒரு கோப்பில் எழுதி வைப்பதுதான் பயனற்றது, ஏனென்றால் கணினி போகும்போது அதுவும் போய்விடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

மென்பொருளும் நகலை வைக்கும் கிளவுட் இடமும் சேர்ந்தே வரும் சேவைகள் ஒருபுறம் இருக்கின்றன. பேக்பிளேஸ், ஐடிரைவ் போன்றவை இவ்வகை. நிறுவிவிட்டால் பின்னணியில் தாமாகவே வேலை செய்யும். இவற்றில் இயல்பு நிலையில் சாவி நிறுவனத்திடமே இருக்கும். நாமே சாவியை வைத்துக்கொள்ளும் வசதியைத் தேடிப் பிடித்துத் தேர்வு செய்ய வேண்டும். ஐடிரைவில் கணக்கைத் தொடங்கும்போதே இதை முடிவு செய்துவிட வேண்டும். பேக்பிளேஸில் தனிச் சாவி வைத்தவரும் கோப்புகளை மீட்கும்போது அந்தச் சாவிச்சொல்லை அவர்களுடைய தளத்தில் தரவேண்டியிருக்கும் நடைமுறை நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது. பூட்டும்போது நம்மிடம் இருந்த சாவி திறக்கும்போது அவர்களிடம் போகிறது என்பதால், கொலுசு வடிவங்களை வைத்திருப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை.

மறுபுறம், மென்பொருளை மட்டும் தந்து, இடத்தை நாமே தேர்ந்துகொள்ளச் சொல்பவை இருக்கின்றன. ரெஸ்டிக், கோப்பியா, டூப்ளிகாட்டி ஆகியவை கட்டணமில்லாத திறந்த மூல மென்பொருள்கள். ஆர்க் என்பது விலை கொடுத்து வாங்குவது. ரெஸ்டிக்கில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதால் புதியவருக்கு அச்சம் தரலாம்; கோப்பியாவில் சாளரமும் பொத்தான்களும் உண்டு, டூப்ளிகாட்டியை உலாவியிலேயே இயக்கலாம். போர்க் என்ற மென்பொருளும் புகழ்பெற்றது, ஆனால் அது லினக்ஸ், மேக் கணினிகளுக்கானது. இவை எல்லாமே நம் கணினியிலேயே கோப்புகளைப் பூட்டி அனுப்புகின்றன. கோப்புகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஏற்கெனவே அனுப்பிய துண்டுகளை விட்டுவிட்டுப் புதியவற்றை மட்டும் அனுப்புவதால், முதல் நாளைக்குப் பிறகு அன்றாட வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

கிரிப்டோமேட்டரைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். கூகுள் டிரைவில் வைப்பதற்கு முன் கோப்புகளைப் பூட்டித் தரும் அருமையான கருவி அது. ஆனால் முன்பு சொன்ன ஒத்திசைவுச் சிக்கல் அங்கே அப்படியே இருப்பதால், அதை மட்டும் வைத்துக்கொண்டு காப்பு நகல் இருப்பதாக நினைக்க முடியாது.

சேவைகள் மூடப்படவும் கூடும். வீட்டுப் பயனர்களுக்கான சேவையை நிறுத்துவதாக கிராஷ்பிளான் 2017இல் அறிவித்தது. மறைகுறியாக்கத்துக்குப் பெயர்பெற்ற வுவாலா 2015இல் மூடப்பட்டது. மென்பொருளும் இடமும் தனித்தனியாக இருந்தால், இடம் தருபவர் கடையைக் கட்டினாலும் வேறோர் இடத்துக்கு மாறிக்கொள்ளலாம். வாடகை இடங்களில் விலையைப் பார்க்கும்போது, வைப்பதற்கான கட்டணத்தோடு திரும்ப எடுப்பதற்கான கட்டணத்தையும் காலத்தையும் பார்க்க வேண்டும். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் என்ற சேமிப்பிடம் மிக மலிவானது. ஆனால் அங்கிருந்து கோப்பை எடுக்கத் தொடங்கவே வழக்கமான முறையில் 12 மணி நேரம் வரை காத்திருக்க நேரும்.

மலை மேலிருந்து பதிவேற்றம்

விளம்பரங்களில் பெரிதாகப் போடப்படும் வேகம் பதிவிறக்க வேகம். காப்பு நகலுக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். சேலம் நகரில் நொடிக்கு 100 மெகாபிட் பதிவேற்றம் தரும் ஃபைபர் இணைப்பு இருந்தால், 100 ஜி.பி. அளவுள்ள கோப்புகள் ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரத்தில் போய்ச் சேரும். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் வீடு வைத்திருக்கும் என் அத்தைக்கு நொடிக்கு 2 மெகாபிட் கிடைப்பதே பெரிது. அதே 100 ஜி.பி.க்கு இரவு பகலாக நாலரை நாளுக்கு மேல் ஆகும், இடையில் மின்சாரம் போகாமல் இருந்தால். நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரும் கைப்பேசித் திட்டத்தை நம்பினால் 50 நாட்கள். ஆகவே அத்தையின் மடிக்கணினியை 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழே கொண்டு வந்து, எங்கள் வீட்டு இணைப்பில் ஓரிரவு வைத்து முதல் முழு நகலை அனுப்பினோம். அதன் பிறகு மலையிலிருந்து அன்றாட மாற்றங்கள் மட்டுமே போகின்றன. வழியில் இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் திறன், இத்தகைய இடங்களில் மென்பொருளுக்குக் கட்டாயம் வேண்டும்.

கிளவுட் நகல் இருந்தாலும் வீட்டிலும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறோர் இடத்தில் என்பது அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய விதி. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் கிளவுட் இடம் தரும் ஓ.வி.எச். நிறுவனத்தின் தகவல் மையம் தீப்பற்றி எரிந்தபோது, காப்பு நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையும் இழந்தனர். நம் பக்கத்தில், 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையால் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. இணையமும் சாலையும் ஒருசேர நின்றுபோகும் அத்தகைய நாட்களில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பீரோவில் உள்ள வட்டுதான். அந்த வட்டையும் அதே மென்பொருளால் பூட்டி வைக்கலாம். நகல் எடுத்த பின் அதைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும்; செருகியபடியே விட்டால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

டேலி போன்ற கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள், அதை மூடிய பிறகு நகல் எடுக்கும்படி நேரத்தை இரவில் அமைப்பது நல்லது. திறந்திருக்கும் கோப்பின் நகல் சில வேளைகளில் அரைகுறையாக இருக்கும்.

திரும்ப எடுத்துப் பார்த்தல்

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் செய்தவர்கள்கூட விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. நகல் எடுப்பதை மென்பொருள் நாள்தோறும் பச்சை நிறக் குறியோடு அறிவிக்கும். அந்த நகலிலிருந்து கோப்பைத் திரும்பப் பெற முடிகிறதா என்பதை நாம் செய்து பார்த்தால் மட்டுமே அறிய முடியும். அதையும் அதே கணினியில் செய்து பார்ப்பது போதாது, ஏனென்றால் அந்தக் கணினிக்குள் கடவுச்சொல் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கும். கணினியே போய்விட்டது என்று எண்ணிக்கொண்டு, வேறொரு கணினியில் மென்பொருளைப் புதிதாக நிறுவி, தாளில் உள்ள கடவுச்சொல்லை மட்டும் வைத்துத் திறக்க வேண்டும். இடம் தரும் நிறுவனத்தின் கணக்கில் நுழைய ஓ.டி.பி. வரும் கைப்பேசி எண் இன்னும் நம்மிடம் இருக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

சித்தப்பாவுக்கு இறுதியில் கோப்பியாவை அமைத்துக் கொடுத்தேன். கடவுச்சொல் எழுதிய தாள் ஒன்று அவருடைய வங்கி லாக்கரிலும், மற்றொன்று ஏற்காட்டில் அத்தையின் பீரோவிலும் இருக்கின்றன. ஆயுத பூஜைக்கு முதல் நாள் பட்டறைக் கருவிகளைத் துடைத்து வைக்கும் வேளையில் இந்தச் சோதனையையும் செய்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டோம். முதல் முறை என் மடிக்கணினியில் மென்பொருளை நிறுவித் திறக்க முயன்றபோது, தாளில் இருந்த ஐந்தாவது சொல்லில் ஓர் எழுத்து தெளிவாக இல்லாததால் மூன்று முயற்சிகள் ஆயின. அன்றே இரண்டு தாள்களையும் பெரிய எழுத்தில் திருத்தி எழுதினோம். பிறகு அவர் சொன்ன ஒரு பழைய கொலுசு வடிவத்தை மீட்டுத் திறந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையில் கொக்கியிலிருந்து கடைசி மணி வரை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.